பதினாறில் காணாமல் போன பத்து

அலைவரிசைக் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் புகாரோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கத்திக்கொண்டேதான் உள்ளே நுழைவார்கள். டிவியில் படம் உடைகிறது, கார் ரிமோட் வேலை செய்யவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் ஏதோ மிஷின் வைத்திருக்கிறான் என்று ஆளுக்கொரு குறை. அன்று காலை வந்த பெண் கத்தவில்லை. வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மடியில் இருந்த கைப்பையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைக் கடந்த பெண்மணி; அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. காற்றில் வரும் எந்த இரைச்சலையும் அது பிறக்கிற இடம்வரை போய்ப் பிடித்து நிறுத்துவது அவர் வேலை. ஜன்னலோரம் நின்றவன் அவருடைய கண்காணிப்பு வேனை ஓட்டுகிறவன். பெற்றோர் வைத்த பெயரை அலுவலகம் எப்போதோ மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவன் 'அவசரம்'. குற்றவாளியின் வீட்டு கேட்டைத் தொடும் முன்பே குற்றவாளி யாரென்று சொல்லிவிடுவான். சொன்னது இதுவரை பலித்ததில்லை என்பது வேறு விஷயம்.

"நான் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில வேலை பாக்கறேன்," என்றாள் அந்தப் பெண். "மைக்ல பேசி வண்டிங்கள அனுப்பற வேலை. வண்டியில இருக்கறவங்க எல்லாம் கன்ட்ரோல் அக்கான்னு கூப்பிடுவாங்க. இப்ப சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க மேடம்."

"எதுக்கு?"

"பேக்கரி வெச்சிருக்கற ஒருத்தருக்கு நெஞ்சுவலி. பதினாறாம் தெருன்னு தெளிவாச் சொன்னேன். வண்டி ஆறாம் தெருவுக்குப் போயிடுச்சு. அங்க வீட்டைத் தேடு தேடுன்னு தேடி, மறுபடி என்னைக் கேட்டு, போய்ச் சேர்றதுக்குள்ள அவருக்கு மூச்சே நின்னுபோச்சு. வண்டியில இருந்த நர்ஸ் நெஞ்சை அழுத்தி அழுத்திக் காப்பாத்தினாங்க. பொழைச்சுட்டார். ஆனா தப்பு என் தலையில விழுந்துடுச்சு."

"பதினாறு எப்படி ஆறு ஆச்சு?"

"ஒரு ஊளை, மேடம். நாய் ஊளையிடற மாதிரி ஏறி ஏறி இறங்கும். நான் 'பதின்'னு ஆரம்பிச்சப்ப அது குறுக்க வந்துடுச்சு. பத்தை முழுங்கிட்டு ஆறை மட்டும் துப்பிடுச்சு."

"பேச்சைப் பதிவு பண்ணுவாங்களே?"

"எங்க குரல் எல்லாம் மொதல்ல தண்ணித் தொட்டி மேல இருக்கற ரேடியோவுக்குப் போகும். அது வாங்கி ஊர் முழுக்கத் திரும்ப அனுப்பும். திரும்பி வர்றதைத்தான் பதிவு பண்றாங்க. அதனால பதிவுலயும் ஊளை, அப்புறம் 'ஆறாம் தெரு'. நான் தூங்கி வழிஞ்சு மைக்கை லேட்டா அழுத்தினேன்ங்கறார் சூப்பர்வைசர்."

"மத்தவங்க உக்காரும்போதும் இந்த ஊளை வருதா?"

அவள் தலை குனிந்தது. "அதான் என் தலையெழுத்து. என் ஷிஃப்ட்ல மட்டுந்தான் வருது. காலை ஷிஃப்ட் போனா காலைல. மதிய ஷிஃப்ட் போனா மதியம். என்னை வீட்டுக்கு அனுப்பினதும் சுத்தமா நின்னுடுச்சாம். 'பாத்தியா, நீதான் என்னமோ பண்றே'ங்கறார். வெள்ளிக்கிழமை விசாரணை. அதோட வேலை போயிடும்."

அவசரத்தால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "மேடம், இது யாரோ கூட வேலை பாக்கறவங்க வன்மம் வெச்சுப் பண்றது. இவங்க ஷிஃப்ட் தெரிஞ்ச ஆளு!"

அதிகாரி பதில் சொல்லும் முன் கைப்பைக்குள் போன் அடித்தது. அவள் எடுத்ததும், "சாப்டியாடி?" என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது. அவசரம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கணீரென்று இருந்தது.

"ஆபீஸ்ல இருக்கேன் அத்தை. அப்புறம் பேசறேன்," என்று சங்கடத்தோடு வைத்தாள். "என் மாமியார். வீட்டுக்காரர் வெளியூர்ல வேலை. நானும் அத்தையுந்தான் இருக்கோம். நான் எங்க போனாலும் நடுவுல ஒரு தடவ கூப்பிட்டுக் கேக்கலைன்னா அவங்களுக்கு ஓடாது. முன்னெல்லாம் வீட்டுக்குள்ள சிக்னலே கிடைக்காது. முழங்கால் வலியோட மாடிக்கு ஏறிப் பேசுவாங்க. இப்பப் பரவால்ல, ரூம்ல உக்காந்தே பேசறாங்க."

"வீடு எங்க?"

"தண்ணித் தொட்டிக்குக் கீழ் தெரு."

"இந்த ஊளை எப்படி இருக்கும்னு அத்தைகிட்டயோ வெளியில யார்கிட்டயோ சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல மேடம். அறையில கேக்கறது வெளிய போகக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. அத்தைகிட்டகூட மூச்சு விட்டதில்ல."

அதிகாரி பழத்தில் பாதியை அவள் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க. அத்தை மறுபடி கேட்டா பொய் சொல்ல வேண்டாம் இல்லையா?"

அன்று மதியம் அதிகாரியும் அவசரமும் கட்டுப்பாட்டு அறைக்குப் போனார்கள். சுவர் முழுக்க ஊரின் வரைபடம். அதில் சிவப்பு விளக்குகள் நின்றும் நகர்ந்தும் கொண்டிருந்தன. சூப்பர்வைசர் சட்டையின் மேல் பட்டன்வரை போட்டுக்கொள்கிற மனிதர். கறார் ஆசாமி, ஆனால் கெட்டவர் இல்லை. அந்த பேக்கரிக்காரரின் மனைவி அழுத அழுகை அவர் காதை விட்டுப் போகவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மேடம், எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவம் இல்ல. ஆனா அவ இருந்தா சத்தம் இருக்கு, அவ இல்லன்னா சத்தம் இல்ல. நான் என்ன நினைக்கறது? இல்லன்னா ஒண்ணு, அந்தக் கப்பல்காரர். தொட்டிப் பக்கத்துத் தெருவுல மாடி மேல கம்பம் நட்டு ரேடியோ பேசற பெரியவர். அக்கம்பக்கத்துக்காரங்க அவர் மேல மனு குடுத்திருக்காங்க. 'ஆம்புலன்ஸ் ரேடியோவில் தொந்தரவு இருக்கிறது, பொதுமக்கள் விவரம் தெரிந்தால் சொல்லவும்'னு நோட்டீஸ் ஒட்டினோம். அதைப் பாத்துட்டு வந்தாங்க."

"எப்படிப்பட்ட சத்தம்னு நோட்டீஸ்ல போட்டிருந்தீங்களா?"

"இல்ல. தொந்தரவுன்னு மட்டுந்தான். எங்க ரேடியோவை வெளி ஆள் கேக்க முடியாது. பூட்டுப் போட்ட மாதிரி. அதுல எதுக்கு விவரம்?" அவர் ஏதோ நினைவுக்கு வந்தவராக நிமிர்ந்தார். "இன்னைக்குக் காலைலகூட மறுபடி வந்துச்சு. பத்து மணி வாக்குல ஆரம்பிச்சு, விட்டு விட்டு மதியம்வரைக்கும். ஒருவேளை வீட்ல இருந்தபடியே ஏதாச்சும் கருவி வெச்சு..."

"அந்தப் பத்து மணிக்கு அவங்க என் எதிர்ல உக்காந்து ஆரஞ்சு சாப்பிட்டுட்டு இருந்தாங்க," என்றார் அதிகாரி.



படியிறங்கும்போதே அவசரம் தீர்ப்பு எழுதிவிட்டான். "அப்ப கப்பல்காரரேதான்! வண்டியை எடுக்கறேன் மேடம்."

கப்பல்காரர் வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருந்தது. ஒருவன் ஏணியைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் கையில் இரும்பு அறுக்கும் ரம்பம். படியில் ஒரு முதியவர் கைகளைக் கட்டிக்கொண்டு, மலையே வந்து மோதினாலும் நகரமாட்டேன் என்பதுபோல் நின்றார். வாழ்நாள் முழுக்கக் கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவருக்கு எதிரே, கூட்டத்தின் முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தவர் எதிர்ச்சாரியில் செல்போன் கடை வைத்திருப்பவர்.

அதிகாரி வேனிலிருந்து இறங்கி நேராக ஏணி அருகே போனார். "இது அனுமதி வாங்கி நட்ட கம்பம். இதை வெட்டினா வழக்கு வெட்டினவர் மேலதான் வரும். ரம்பம் யாருது? அவர் பேர் மட்டும் வேணும்."

ரம்பம் சட்டென்று முதுகுக்குப் பின்னால் போயிற்று. ஏணி தானாகவே கீழே இறங்கியது.

செல்போன் கடைக்காரர் மட்டும் அடங்கவில்லை. "நீங்க இப்படிச் சொன்னா எப்படி மேடம்? அது என்ன சாதாரண சத்தமா? நாய் ஊளையிடற மாதிரி ஏறி ஏறி இறங்குது! உயிர் போற நேரத்துல ஆம்புலன்ஸ்காரனுக்கு விலாசம் காதுல விழ வேண்டாமா? எல்லாம் இந்தப் பெரியவரால."

"உண்மைதான்," என்றார் அதிகாரி. "ரொம்ப அக்கறையா இருக்கீங்க. இந்தக் கடை உங்களுதா?"

"ஆமா மேடம்." கண்ணாடிக்குப் பின்னால் சார்ஜர்கள், ஹெட்போன்கள், வண்ண விளக்குச் சரங்கள், 'வீட்டுக்குள் முழு சிக்னல்' என்று எழுதிய வெள்ளைப் பெட்டிகள், போன் உறைகள் எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அதிகாரி ஒரு நிமிடம் அவற்றைப் பார்த்துவிட்டு முதியவரோடு வீட்டுக்குள் போனார்.

கப்பல்காரரின் அறையில் மின்சாரம் கருகிய வாடை இன்னும் இருந்தது. அவர் ஒரு இரும்புப் பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே எல்லாம் கரி. "போன மாசமே எரிஞ்சு போச்சு. புதுசு வாங்கல. இதை வெச்சுக்கிட்டு ஒரு கொசுவோடகூடப் பேச முடியாது."

"இதை வாசல்ல நின்னு சொல்லியிருக்கலாமே ஐயா!" என்றான் அவசரம்.

"எதுக்குச் சொல்லணும்? என் பொருள் ஓடுதா ஓடலையான்னு தெருவுல நிக்கறவனுக்கெல்லாம் நான் கணக்குச் சொல்லணுமா?" முதியவரின் மீசை துடித்தது. பிறகு கொஞ்சம் தணிந்து, "கம்பத்தை வெட்டியிருந்தா அழுதிருப்பேன், அது வேற," என்றார்.

வேனில் ஏறியதும் அவசரம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டான். "இருந்த ஒரு ஆளும் போச்சு மேடம்."

"போகட்டும். கொஞ்சம் யோசி. இந்த ஊளை மணி பாத்து வரல. காலைலயும் வருது, மதியமும் வருது. அதனால தெருவிளக்கு இல்ல, தொழிற்சாலை இல்ல. ஒரு ஆளைப் பாத்து வருது. அந்த ஆள் கட்டுப்பாட்டு அறைக்குப் போனா வரும்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆனா இன்னைக்கு அவங்க நம்ம ஆபீசுக்கு வந்தாங்க, அப்பவும் வந்துச்சு. ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்கு?"

அவசரம் தலையைச் சொறிந்தான். "ரெண்டு தடவையும்... எங்கேயோ போறாங்க. எங்க போனாலும் சரி." அவன் சட்டென்று நிமிர்ந்தான். "வீட்டை விட்டுக் கிளம்பறாங்க!"

"இப்பத்தான் நீ கேட்டைத் தொட்ட பிறகு பேசியிருக்கே," என்று அதிகாரி சிரித்தார்.

மறுநாள் காலை கன்ட்ரோல் அக்கா வழக்கம்போல வேலைக்குப் போகிறவள் மாதிரி பையை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினாள். தெருமுனை திரும்பியதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்ற வேனில் ஏறிக்கொண்டாள். உள்ளே சூப்பர்வைசர் ஏற்கெனவே முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து கொண்டுவந்த வாக்கி டாக்கி ஒன்று நடுவில் இருந்தது. அதில் வண்டிகளின் பேச்சு சுத்தமாகக் கேட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அவசரம் நகத்தைக் கடித்தான். அப்புறம் ஒரு வண்டி ஓட்டுநர் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது அது வந்தது. தூரத்தில் எங்கோ ஒரு நாய் வானத்தைப் பார்த்து அழுவதுபோல, ஏறி, ஏறி, பின் சரிந்து.

"இதுதான்!" என்று அவள் எழுந்தே விட்டாள், வேனின் கூரையில் தலை இடித்தது. "நான் இங்கதான் இருக்கேன் சார்! என் கையைப் பாருங்க, ஒண்ணுமே இல்ல!"

சூப்பர்வைசர் அவளுடைய வெறுங்கைகளைப் பார்த்தார். "பாத்துட்டேம்மா," என்றார் மெதுவாக. "உக்காரு. மன்னிச்சுக்கோ."

வேனின் கூரைமேல் இருந்த ஆன்டெனாவை அதிகாரி உள்ளிருந்தே மெல்லத் திருப்பினார். திரையில் ஒரு பச்சைக் கோடு ஒரு பக்கம் உயர்ந்தது. "இடது பக்கம். மெதுவா." அவசரம் வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக ஓட்டினான். ஒரு சந்து. ஒரு திருப்பம். கோடு உயர்ந்துகொண்டே வந்து, நீல நிறக் கேட் போட்ட ஒரு வீட்டுக்கு முன்னால் திரையின் உச்சியைத் தொட்டது.

கன்ட்ரோல் அக்கா திரையையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "மேடம்... இது எங்க வீடு."

கதவைத் திறந்த மாமியார், நான்கு பேரையும் பார்த்துவிட்டு, "என்னடி, விசாரணை விஷயமா ஆபீஸ் போறேன்னுட்டு ஊரையே கூட்டிட்டு வந்திருக்கே? உள்ள வாங்க, எல்லாரும் காபி குடிப்பீங்கல்ல?" என்றார். அந்தக் குரலுக்கு ரேடியோவே தேவையில்லை என்று அவசரத்துக்குத் தோன்றியது.

தெருப்பக்க அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரே ஒரு பிளக். கட்டிலருகே நின்ற மேசை மின்விசிறியின் வயர் தரையில் சும்மா கிடந்தது. பிளக்கில் மாட்டியிருந்தது ஒரு வெள்ளைப் பெட்டி. அதிலிருந்து கிளம்பிய மெல்லிய கம்பி ஜன்னல் வழியே வெளியே தொங்கி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அது சிக்னல் பெட்டி," என்றார் மாமியார் பெருமையாக. "இவ வீட்ல இருந்தா ஷிஃப்ட் அலுப்புல இங்கதான் படுப்பா, ஃபேன் வேணும். இவ வெளிய கிளம்பினதும் ஃபேனைப் பிடுங்கிட்டு இதை மாட்டிடுவேன். இருக்கறது ஒரே பிளக் பாருங்க. இது வந்தப்புறந்தான் இவகூட நிம்மதியாப் பேச முடியுது."

வாக்கியைக் கேட்க அவசரத்தை வேனுக்கு அனுப்பிவிட்டு, அதிகாரி பெட்டியைப் பிளக்கிலிருந்து எடுத்தார். "நின்னுடுச்சு மேடம்!" என்று வேனிலிருந்து அவசரம் கத்தினான். மறுபடி மாட்டினார். "வந்துடுச்சு!" ஜன்னலுக்கு வெளியே கம்பியைக் கையால் எட்டத் தள்ளிப் பிடித்தார். "போச்சு!" விட்டார். "ஐயோ, மறுபடி!"

"கல்யாண மண்டபத்துல மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்துல கொண்டு போனா கீச்சுன்னு கத்துமே, அதேதான் இது," என்றார் அதிகாரி. "வெளியில இருக்கற கம்பி சிக்னலை வாங்குது, பெட்டி அதைப் பெருசாக்கி உள்ள விடுது. ரெண்டும் பக்கத்துல இருந்தா, பெட்டி போட்ட சத்தத்தையே கம்பி மறுபடி வாங்கும், பெட்டி மறுபடி பெருசாக்கும். நல்ல பெட்டியா இருந்தா தானே அடங்கிடும். மட்டமான பெட்டி ஊளையிடும். போன் அலைவரிசையும் ஆம்புலன்ஸ் அலைவரிசையும் ஒரே சுவர் வெச்ச பக்கத்து வீடுங்க மாதிரி. இந்த ஊளை சுவர் தாண்டிப் போய்த் தொட்டியோட காதுலயே விழுந்திருக்கு."

மாமியார் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். காபி மறந்துபோயிற்று. "அப்ப... அந்த மனுஷனுக்கு வண்டி லேட்டாப் போனது... இவ வேலை போனது... எல்லாம் நானா?"

மருமகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லம்மா," என்றார் அதிகாரி. "எங்க வாங்கினீங்க?"

"செல்போன் கடையில. கம்பம் வெச்ச பெரியவர் வீட்டுக்கு எதிர்ல."

அட்டைப்பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியில் பழைய டேப் ஒன்று அறுந்திருந்தது. அதன்மேல் புது டேப் ஒட்டியிருந்தது. அதையும் மாமியார் கத்தியால் கிழித்திருந்தார். பெட்டியின் அடியில் அங்கீகார முத்திரையும் ஒரு எண்ணும் அச்சாகியிருந்தன. அதிகாரி அலுவலகத்துக்குப் போன் செய்து எண்ணைப் படித்தார். கேட்டுக்கொண்டே இருந்தவர், "நன்றி" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

வேனிலிருந்து திரும்பி வந்தவனை வாசலிலேயே நிறுத்தினார். "அவசரம், உனக்கு ஒரு வேலை. அந்தக் கடைக்குப் பக்கத்துல வாக்கி வெச்சிருக்கறவங்க யாராவது இருக்காங்களான்னு விசாரி. பேச்சுக் குடு. அது உனக்கு நல்லா வரும்."

அவசரம் ஓடினான். அது அவனுக்கு நன்றாகத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை அறையின் நீண்ட மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசர், கன்ட்ரோல் அக்கா, அவளுடைய மாமியார், கப்பல்காரர். புகார் கொடுத்தவர் என்ற முறையில் செல்போன் கடைக்காரரும் அழைக்கப்பட்டிருந்தார். பளபளக்கும் சட்டையில் முதல் ஆளாக வந்திருந்தார் அவர். கதவோரம் இரண்டு காவலர்கள் நின்றதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதிகாரி மேசைமேல் வெள்ளைப் பெட்டியை வைத்தார். நடந்ததையெல்லாம் ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். ஆள் பார்த்து வந்த ஊளை, ஒரே பிளக், காற்றில் ஆடும் கம்பி, பதினாறில் தொலைந்த பத்து. "ஆக, சத்தம் இவங்க வீட்டுல இருந்துதான் வந்துச்சு," என்று முடித்தார்.

கடைக்காரர் பெருமூச்சோடு சாய்ந்தார். "அப்ப தப்பு அந்தம்மா மேலதான்! பெட்டியை எப்படி மாட்டணும்னு தெரியாம மாட்டினா நாங்க என்ன பண்றது?"

"நீதானேடா சொன்னே!" மாமியார் மேசையை ஒரு அடி அடித்தார், காவலர்களே நிமிர்ந்தார்கள். "ஜன்னல்ல தொங்கவிடு போதும்னே! அரசாங்க முத்திரை இருக்கு, கண்ணை மூடிட்டு வாங்குன்னே!"

"முத்திரை இருக்கே!"

"இருக்கு," என்றார் அதிகாரி. "அந்த எண் எங்க ஆபீஸ்ல குடுத்ததுதான். ஆனா இந்தப் பெட்டிக்கு இல்ல. குழந்தைங்க ஓட்டற பொம்மைக் காரோட ரிமோட்டுக்கு."

கப்பல்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

கடைக்காரர் கைகளை விரித்தார். "அப்படியா! எனக்கே தெரியாதே மேடம். மொத்த வியாபாரி என்னை ஏமாத்திட்டான். இது இப்படிப் பண்ணும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியும்," என்றார் அதிகாரி. "அன்னைக்கு இவர் வீட்டு வாசல்ல என்கிட்ட என்ன சொன்னீங்க? நாய் ஊளையிடற மாதிரி ஏறி ஏறி இறங்குதுன்னு. அந்த ரேடியோவை வெளி ஆள் கேக்க முடியாது. நோட்டீஸ்ல 'தொந்தரவு'ன்னு மட்டுந்தான் இருந்துச்சு. இவங்க சொந்த மாமியார்கிட்டகூடச் சொல்லல. கேக்காத சத்தம் ஊளைதான்னு உங்களுக்கு யார் சொன்னா?"

கடைக்காரர் முதல்முறையாகக் கதவோரம் நின்ற காவலர்களைப் பார்த்தார்.

"நான் சொல்லட்டுமா மேடம்?" என்று அவசரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான். அதிகாரி தலையசைத்தார். அவன் அந்தக் கணத்துக்காகவே பிறந்தவன்போல முன்னால் வந்தான்.

"இவர் கடைக்கு ரெண்டு கட்டடம் தள்ளி ஒரு வணிக வளாகம். அங்க காவலாளிங்க வாக்கி வெச்சிருக்காங்க. தலைமைக் காவலாளி இதே பெட்டியை வாங்கி மாட்டியிருக்கார். மாட்டினதும் வாக்கி எல்லாம் ஊளை! கடைக்கு எடுத்துட்டு வந்து, இவர் முன்னாலயே பெட்டியை மாட்டி, வாக்கியைக் காட்டி, 'கேளுய்யா'ன்னு கேக்க வெச்சிருக்கார். இவர் காசைத் திருப்பிக் குடுத்துட்டு, வெளிய சொல்லாதீங்கன்னு கெஞ்சியிருக்கார். அந்தப் பெட்டியைத்தான் புது டேப் ஒட்டி இந்தம்மாகிட்ட வித்திருக்கார். காவலாளி பெட்டி மூலையில தன் பேரோட முதல் எழுத்தைப் பேனாவுல கிறுக்கி வெச்சிருந்தாராம். அது அப்படியே இருக்கு!"

அதிகாரி பெட்டியைத் திருப்பி மூலையைக் காட்டினார். "ஆம்புலன்ஸ் ரேடியோவுல தொந்தரவுன்னு நோட்டீஸ் பாத்ததுமே உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. தேடி வந்தா உங்க பெட்டிங்ககிட்டதான் வருவாங்கன்னு தெரியும். அதனால ஊருக்கு ஒரு கம்பத்தைக் காட்டினீங்க. ஒரு பொண்ணோட வேலை போனப்பவும் பேசல. ஒருத்தர் மூச்சு நின்னப்பவும் பேசல. வாங்கினவங்க ஏமாந்தவங்க, அவங்களுக்குச் சட்டத்துல ஒரு எச்சரிக்கைக் கடுதாசியோட சரி. அனுமதி இல்லாத கருவியைத் தெரிஞ்சே வித்தவருக்கு அப்படி இல்ல."

காவலர்கள் கதவை விட்டு நகர்ந்து வந்தார்கள். பளபளத்த சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

"ஒரு நிமிஷம்," என்றார் கப்பல்காரர். அவர் எழுந்து கடைக்காரரின் முன்னால் போய் நின்று, நிதானமாக, "அன்னைக்கு என் கம்பத்தை வெட்ட எடுத்த ஏணியை நாளைக்குள்ள திருப்பிக் குடுத்துடச் சொல்லு. அது என்னோடது," என்றார்.

அறையே வெடித்துச் சிரித்தது. மாமியாரின் சிரிப்புதான் கடைசியாக அடங்கியது.

அன்று மாலைக்குள் கடை பூட்டி முத்திரை வைக்கப்பட்டது. கிடங்கிலிருந்து வெள்ளைப் பெட்டிகள் லாரியில் ஏறின. வாங்கியவர்கள் எல்லோரும் பெட்டியைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று அறிவிப்பு வந்தது. அதிகாரி கேட்டுக்கொண்டதில் போன் நிறுவனமும் ஆள் அனுப்பி, தொட்டிக்குக் கீழ் தெருவில் சிக்னல் ஏன் படுத்திருக்கிறது என்று அளந்துவிட்டுப் போனது. அந்தத் தெருவில் இனி பெட்டியே தேவைப்படாது என்று சொன்னார்கள். சொன்னபடி செய்கிறார்களா என்று பார்க்கும் பொறுப்பை மாமியார் தானாகவே எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை கன்ட்ரோல் அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டினாள். சூப்பர்வைசர் அவளுக்குப் பின்னால் வந்து நின்று, நாற்காலியின் உயரம் சரியாக இருக்கிறதா என்று தேவையில்லாமல் கேட்டார். அதிகாரியும் அவசரமும் சுவரோரம் நின்றார்கள். கடைசிச் சோதனைக்காக என்று சொல்லித்தான் வந்திருந்தார்கள்.

முதல் அழைப்பு பிரசவ வலி. அவள் மைக்கை அழுத்தி விலாசத்தைச் சொன்னாள். ஒரு எழுத்துகூடச் சிதையாமல் அது தொட்டிக்குப் போய்த் திரும்பி வந்தது. "தெளிவாக் கேக்குது அக்கா, கிளம்பிட்டோம்," என்றார் ஓட்டுநர். வரைபடத்தில் ஒரு சிவப்பு விளக்கு நகர ஆரம்பித்தது. அறையில் இருந்த எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாசலில் நின்றது. திரும்பியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதி வழியில் மறுபடி நின்றது.

"வண்டியை ஏன் நிறுத்திட்டீங்க?" என்று அவள் பதறிக் கேட்டாள்.

பதில் வர ஒரு நொடி ஆயிற்று. அப்புறம் நர்ஸின் மூச்சு வாங்கும் குரல் வந்தது. "ஆஸ்பத்திரிவரைக்கும் காத்திருக்க மாட்டேன்னுட்டா அக்கா. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இருங்க, கேளுங்க."

ஒலிபெருக்கி வழியே, எந்தக் கீறலும் இல்லாமல், பிறந்து ஒரு நிமிடம்கூட ஆகாத ஒரு குழந்தையின் அழுகை கட்டுப்பாட்டு அறை முழுவதையும் நிறைத்தது.